மருத்துவ உயிர்வேதியியல்: வெளியீட்டுப் பட்டியலை நேர்காணலுக்கு முன் எப்படிச் சரிபார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை (கேள்வி)

இணைப் பேராசிரியர் நேர்காணலுக்கு என் வெளியீட்டுப் பட்டியலைத் தயார் செய்கிறேன். மொத்தம் 14: மூல ஆய்வுக் கட்டுரை 8, திறனாய்வு 1, நோயாளி அறிக்கை 2, ஆசிரியருக்குக் கடிதம் 1, மாநாட்டுச் சுருக்கம் 2. எல்லாமே வளர்சிதை மாற்றக் கோளாறுகள் பற்றியவை.

சிக்கல்கள் இவை. என் பெயர் மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. எட்டில் மூன்று கட்டுரைகள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எடுத்த அதே 240 பேரின் ரத்த மாதிரியை வைத்து எழுதியவை (இன்சுலின் எதிர்ப்பு, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால், ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் என்று தனித்தனியாக). ஒன்று அட்டப்பாடியில் எடுத்தது: எச்பிஏ1சி-யையும் (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஒப்பிடுவது. மாதிரிகள் அகளியிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு வந்து அளக்கப்பட்டவை. இன்னொரு கட்டுரை வந்த இதழின் இணையதளமே இப்போது திறக்கவில்லை.

பட்டியலை எப்படி அடுக்குவது, தேர்வுக் குழு எதைக் கேட்கும், பிழை இருந்தால் இப்போது என்ன செய்யலாம்? அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

ஆழியாறு

முதலில் பெயர். மற்ற எல்லாத் தேடலும் அதில்தான் நிற்கிறது.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் ஒருவரைக் கடைசிப் பெயர், முதலெழுத்து என்ற வடிவில்தான் வைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பெயருக்குக் கடைசிப் பெயரே கிடையாது. சுப்பையா மகன் முருகன் என்றால் ஒரு கட்டுரையில் ‘முருகன் எஸ்’, இன்னொன்றில் இதழ்க்காரர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘சுப்பையா எம்’, மூன்றாவதில் முதலெழுத்தே இல்லாமல் வெறும் ‘முருகன்’. மூன்றும் ஒரே ஆள் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ‘முருகன் எஸ்’ என்று தேடினால் வேறு துறைகளில் உள்ள நூறு முருகன்களின் கட்டுரையும் சேர்ந்தே வரும்.

ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) ஒன்று எடுங்கள், இலவசம்தான். 16 இடங்கள் கொண்ட எண். கடைசி இடத்தில் எக்ஸ் வந்தால் தவறு என்று நினைக்க வேண்டாம், அது சரிபார்ப்பு எழுத்து. அதில் ‘வேறு பெயர்கள்’ என்ற கட்டத்தில் அச்சான மூன்று வடிவத்தையும் அப்படியே போடுங்கள். கட்டுரைகளைக் கையால் தட்டாதீர்கள். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்து, அந்த எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் வழியாக இழுத்தால் பக்க எண், தொகுதி எண் தவறாது. கிராஸ்ரெஃப் தானாகச் சேர்க்கவும் அனுமதி கொடுத்து வையுங்கள். இனி அனுப்பும் கட்டுரைகளில் ஆர்கிட் எண் போட்டால் அவை தாமாகவே வந்து சேரும்.

ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று ஆசிரியர் எண் உருவாகியிருக்கும். அவற்றை ஒன்றாக்கச் சொல்லி அவர்கள் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கூகுள் ஸ்காலரில் ‘தானாகச் சேர்’ என்பதை அணைத்துவிடுங்கள். அடுத்தவர் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறி எச்-எண் (மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் அளவு) உயர்ந்திருந்தால் நேர்காணலில் அது உங்கள் நேர்மையின் மேல் கேள்வியாக வரும். எச்-எண்ணை எழுதும்போது எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் பார்த்தது என்றும் எழுதுங்கள். ஸ்காலர் எண் பெரும்பாலும் ஸ்கோபஸ் எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றிலும் வரும் மேற்கோளை அது எண்ணுகிறது.

அடுக்கும் முறை: மூல ஆய்வு, திறனாய்வு, நோயாளி அறிக்கை, கடிதம், மாநாட்டுச் சுருக்கம் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் புதியது மேலே. ஆசிரியர் பெயர் எல்லாம் அச்சான வரிசையில், ஒருவரும் விடாமல். ‘மற்றும் பலர்’ போட்டால் நீங்கள் முதல் மூவரில் ஒருவரா, ஏழாவது ஆளா என்பது மறைந்துவிடும். குழு முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் பெயர் தடித்த எழுத்தில், தொடர்பு ஆசிரியர் நீங்கள் என்றால் பக்கத்தில் நட்சத்திரக் குறி. இணையத்தில் ஒரு வருடமும் அச்சில் அடுத்த வருடமும் வந்த கட்டுரையை இரண்டு முறை எழுதிவிடாதீர்கள், டிஓஐ ஒன்றே. ஏற்கப்பட்டு அச்சாகாதது இருந்தால் ஏற்புக் கடிதத்தை இணையுங்கள். ‘அனுப்பியிருக்கிறேன்’ என்பது பட்டியலில் வரக் கூடாது.

மாநாட்டுச் சுருக்கம் பிறகு முழுக் கட்டுரையாக வந்திருந்தால் சுருக்கத்தின் கீழே ‘முழு வடிவம்: மூல ஆய்வு எண் 4’ என்று ஒரு வரி சேருங்கள்.

சாம்பல்மூடி

ஆழியாறு சொன்னது பட்டியலின் வெளிப்புறம். உயிர்வேதியியல் குழுவில் உட்காருபவர்கள் ஆய்வகத்திலேயே இருந்தவர்கள். அவர்கள் கட்டுரைத் தலைப்பைப் பார்த்துவிட்டு நேராக ‘மாதிரி எந்தக் குழாயில் எடுத்தீர்கள்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியே ஒரு தாள் போடுங்கள்: குழாய், எடுத்த நேரம், சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிய நேரம், வைத்திருந்த வெப்பநிலை, அளந்த முறை, கருவி, நாளுக்கு நாள் சிவி (அளவீட்டின் மாறுபாட்டுச் சதவீதம்). பட்டியலோடு கொடுக்க அல்ல, உங்கள் கையில் இருக்க.

அட்டப்பாடிக் கட்டுரையில்தான் அதிகம் கேட்பார்கள், அங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, சர்க்கரை. சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் சோடியம் ஃப்ளூரைடு எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஃப்ளூரைடு தடுப்பது ஈனோலேஸ் நொதியை, அதாவது கிளைகோலிசிஸ் (செல் சர்க்கரையை உடைக்கும்) பாதையின் அடிமுனையை. மேலே ஹெக்சோகைனேஸ், பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், சிவப்பணு சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஃப்ளூரைடு குழாயிலும் சர்க்கரை இறங்கும், அதற்குப் பிறகுதான் நிலைக்கும். எதுவும் கலக்காத குழாயில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். கோடையில் இன்னும் கூடும். அகளியில் எடுத்துக் கோவையில் சுழற்றியிருந்தால் உங்கள் ‘வெறும் வயிற்றுச் சர்க்கரை’ ஒருவருக்கு 126 இருந்தது 118 என்று பதிவாகியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர் முன்-நீரிழிவு வரிசைக்குப் போய்விடுவார். எச்பிஏ1சி-க்கு அந்த இறக்கம் கிடையாது. ஆகவே ‘சர்க்கரை சொல்வதைவிட எச்பிஏ1சி அதிகம் பேரை நீரிழிவு என்கிறது’ என்பது உங்கள் முடிவாக இருந்தால், அதில் பாதி ஆனைகட்டிச் சாலையில் உண்டான வித்தியாசமாகவே இருக்கக்கூடும்.

சரியான வழி: எடுத்தவுடன் குழாயைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குழம்புக்குள் இறக்க வேண்டும், 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் குழாயை மேலே கிடத்திவைப்பது போதாது, குழாயைச் சுற்றிக் குளிர் ஒட்ட வேண்டும். அது முடியாத இடத்தில் சிட்ரேட் கலந்த குழாய் உண்டு. அமிலத்தன்மை மேல்முனை நொதிகளையும் உடனே அடக்கிவிடும். அதில் அளவு சற்று உயர்வாகவே வரும் என்பதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அரிவாள் செல், அதாவது சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அட்டப்பாடியில் இருளர், குறும்பர் ஊர்களிலும் அது இருக்கிறது. அரிவாள் செல் நோய் முழுமையாக உள்ளவரிடம் ஹீமோகுளோபின் ஏ இருக்காது, ஆகவே எச்பிஏ1சி என்ற எண்ணுக்கே பொருளில்லை. சிவப்பணு ஆயுளும் குறைவு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவரிடம் எண் வரும், ஆனால் எந்த முறையில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அயனிப் பரிமாற்ற எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் முறை) என்றால் ஒவ்வொருவரின் வரைபடத் தாளையும் எடுத்துப் பாருங்கள். ஏ0 (இயல்பான ஹீமோகுளோபின்) உச்சத்துக்குப் பின்னால் எஸ்-விண்டோவில் (அரிவாள் செல் ஹீமோகுளோபின் வரும் இடம்) இன்னொரு உயரமான உச்சம் நிற்கும், 30–40 சதவீதம் அளவில். அந்தத் தாள்களை எண்ணினால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். போரோனேட் அஃபினிட்டி முறை என்றால் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் இல்லை. நோயெதிர்ப்பு முறை என்றால் அந்தக் கிட்டுக்கு எஸ் வகை இடையூறு உண்டா என்பதை, எச்பிஏ1சி முறைகளைத் தரப்படுத்தும் என்ஜிஎஸ்பி தளத்தின் பட்டியலில் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

இதோடு இரும்புச்சத்துக் குறைவு. அது எச்பிஏ1சி-யை மேலே தள்ளும். அந்தப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கும் என்பது குழுவுக்குத் தெரியும். ஹீமோகுளோபினும் எம்சிவி-யும் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) அட்டவணையில் இல்லை என்றால் ஏன் இல்லை என்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் எதிர்ப்புக் கட்டுரை. ஹோமா-ஐஆர் என்பது இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்க மேத்யூஸ் குழு 1985-ல் கொடுத்த சூத்திரம். சர்க்கரை மி.கி./டெ.லி. என்றால் சர்க்கரை × இன்சுலின் ÷ 405. மில்லிமோல் என்றால் ÷ 22.5. சர்க்கரை 99, இன்சுலின் 12 மைக்ரோ யூனிட் என்றால் 2.93. அதையே மில்லிமோலாக்கி, 5.5 × 12 ÷ 405 என்று போட்டுவிட்டால் 0.16 வரும். இப்படி எக்செல் தாளில் நடக்கும், அட்டவணையிலும் அச்சாகிவிடும். இன்சுலினைப் பிகோமோலாக மாற்றியிருந்தால் எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்று பாருங்கள். சரியானது 6.0. பழைய 6.945 இன்னும் பல கட்டுரைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் போட்டால் இன்சுலின் ஏறத்தாழ 16 சதவீதம் பெரிதாகத் தெரியும்.

சிவந்துபோன சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இன்சுலின் அளந்திருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். சிவப்பணு உடையும்போது இன்சுலினைச் சிதைக்கும் நொதி வெளியே வரும், அளவு பொய்யாகக் குறையும். ‘2.5-க்கு மேல் எதிர்ப்பு’ என்று வெட்டுப்புள்ளியை வேறு ஊர்க் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால் அவர்கள் கிட்டும் உங்கள் கிட்டும் ஒன்றா என்று கேட்பார்கள். இன்சுலின் அளவீடு கிட்டுக்குக் கிட்டு ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று. ‘ஹோமா-ஐஆருக்கும் இன்சுலினுக்கும் ஒட்டுறவு 0.95’ என்பது உங்கள் முடிவுகளில் இருந்தால் நேர்காணலில் அதை வாயெடுக்க வேண்டாம். இன்சுலினைப் பெருக்கித்தான் ஹோமா-ஐஆர் வருகிறது, ஒட்டாமல் எங்கே போகும்.

ஹோமோசிஸ்டீன்: ரத்தம் எடுத்த பின்னும் சிவப்பணுக்கள் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். பனியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தீர்களா என்பதுதான் முழுக் கட்டுரையின் உயிர். சர்க்கரை இறங்கும், ஹோமோசிஸ்டீன் ஏறும், ஒரே பயணத்தில் இரண்டும் எதிர் எதிராகக் கெடும். இரண்டையும் ஒப்பிட்டு ஏதாவது எழுதியிருந்தால் முதலில் அதைத் திரும்பப் படியுங்கள்.

எல்டிஎல் கட்டுரையில் அளந்த எல்டிஎல்லா, கணக்கிட்டதா? கணக்கிட்டது என்றால் ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் உள்ளவர்களை விலக்கினீர்களா?

நோயாளி அறிக்கைகள் இரண்டும் எதைப் பற்றி என்று சொன்னால் அதற்கும் எழுதுகிறேன்.

பொன்னை ஆறு

காட்பாடி, குடியாத்தம் பக்கம் பெயர்ச் சிக்கல் இன்னொரு திசையில் வரும். தெலுங்கு வீடுகளில் இண்டி பேரு (குடும்பப் பெயர்) முன்னால் வரும், அதுதான் முதலெழுத்து. தமிழ் வீட்டில் முதலெழுத்து அப்பா பெயர். ஒரே கட்டுரையில் சித்தூர்க்காரர் ஒருவரும் வேலூர்க்காரர் ஒருவரும் இருந்தால் (இங்கே சொல்வது ஆந்திரச் சித்தூர், உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் அல்ல) இதழ் இருவரையும் ஒரே விதியில் திருப்பிப் போட்டு இருவருக்கும் தவறாக்கிவிடும். மெய்ப்பு வரும்போது கட்டுரையை மட்டும் படிக்காமல் ஆசிரியர் பெயர்க் கட்டங்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

திறக்காத இதழ் விஷயம். மூன்று இடத்தில் பாருங்கள்.

இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணை ஐஎஸ்எஸ்என் இணையவாயிலில் போடுங்கள். இதழ் பெயரும் வெளியீட்டாளரும் பொருந்துகிறதா? நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. கட்டுரை அப்படிப் போலித் தளத்தில் வந்திருந்தால் அது வெளியானதாகவே கணக்கில்லை. அடுத்து டிஓஐ-யைக் கிராஸ்ரெஃப்பில் தேடுங்கள். ‘10.’ என்று ஆரம்பிக்கும் ஏதோ எண்ணைப் பக்கத்தில் அச்சடித்துவிட்டு எங்குமே பதியாமல் விடும் இதழ்களும் இருக்கின்றன. மூன்றாவதாக ஸ்கோபஸ் மூலப் பட்டியல். இதழ் நீக்கப்பட்டிருந்தால் எந்த வருடம் வரை சேர்க்கப்பட்டது என்று அங்கே இருக்கும். உங்கள் கட்டுரை அந்த வருடத்துக்குள் என்றால் ‘வெளியான போது ஸ்கோபஸில் இருந்தது’ என்று தைரியமாக எழுதலாம்.

பப்மெட், மெட்லைன், பிஎம்சி மூன்றையும் ஒன்றாக எழுதுபவர்கள் நிறைய. பப்மெட் என்பது தேடும் வாசல். மெட்லைன் என்பது தேர்ந்தெடுத்த இதழ்களின் பட்டியல். பிஎம்சி முழுக் கட்டுரைகளின் இலவசக் கிடங்கு. பப்மெட்டில் கட்டுரை தெரிவதால் இதழ் மெட்லைனில் இருப்பதாகாது. அமெரிக்க மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்கில் இதழ் பெயரைப் போட்டால் தற்போது மெட்லைனில் உள்ளதா என்பது ஒரே வரியில் கிடைக்கும். உங்கள் விண்ணப்பத்துக்கு எந்தத் தரவுத்தளம் செல்லும் என்பதை அப்போது நடப்பில் உள்ள அறிவிப்பைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள், சீனியர் சொன்ன பழைய விதியை வைத்து அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் வந்த கட்டுரைக்கு ‘கேர் பட்டியல் இதழ்’ என்று எழுதுவது பொருந்தாது.

இம்பாக்ட் ஃபாக்டர் (இதழின் சராசரி மேற்கோள் அளவு) என்று எழுதினால் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜேசிஆர் அறிக்கையில் உள்ள எண் மட்டும்தான். ‘குளோபல் இம்பாக்ட் ஃபாக்டர்’ வகையறா எண்களைப் பட்டியலில் இருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் நல்ல கட்டுரையின் மேலும் சந்தேகம் விழும்.

கொழிஞ்சாம்பாறை

நன்றிங்க. எல்டிஎல் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். எல்டிஎல்லைக் கணக்கிடும் ஃப்ரீட்வால்டு சூத்திரம்தான். 240 பேரில் 11 பேருக்கு ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல். விலக்கவில்லை. ட்ரைகிளிசரைடை 178 ± 132 என்று போட்டிருக்கிறோம், அதுவும் இப்போது கண்ணில் உறுத்துகிறது. கட்டுரை வந்து மூன்று வருடமாகிறது. முதல் ஆசிரியரும் தொடர்பு ஆசிரியரும் நானே. திருத்தம் கேட்டால் நேர்காணலில் எனக்கு எதிராகப் போகாதா?

அட்டப்பாடி மாதிரிகள் ஃப்ளூரைடு குழாய், ஐஸ் பேக் பெட்டி, கோவையில் சுழற்றியது. எச்பிஏ1சி எச்பிஎல்சி முறை.

நோயாளி அறிக்கை இரண்டு: கீட்டோ அமிலத்தேக்கத்தோடு வந்தவருக்கு கிரியாட்டினின் உயர்ந்து மறுநாளே இறங்கியது ஒன்று. கணையத்தில் கல் உள்ள இளைஞரின் நீரிழிவு இன்னொன்று.

சாம்பல்மூடி

திருத்தம் கேளுங்கள். குழுவில் ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்து நீங்கள் கவனிக்காததைச் சுட்டுவது வேறு, ‘நானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன், கடிதம் இதோ’ என்று நீங்கள் நீட்டுவது வேறு.

ஃப்ரீட்வால்டு (1972): எல்டிஎல் = மொத்தக் கொலஸ்ட்ரால் − எச்டிஎல் − ட்ரைகிளிசரைடு ÷ 5. அந்த ‘÷ 5’, ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகளின் கலவை எல்லோருக்கும் ஒன்று என்ற அனுமானம். ட்ரைகிளிசரைடு ஏறும்போது ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ராலுக்கு ஈடாக ட்ரைகிளிசரைடு அதிகமாகிவிடுகிறது, ஆகவே ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகை. மொத்தம் 210, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 450 உள்ளவரைப் போடுங்கள்: 210 − 38 − 90 = 82. அவருடைய சீரம் உள்ள குழாயை ஃப்ரிட்ஜில் இரவு வைத்துக் காலையில் எடுத்தால் பால் கலந்த மாதிரி கலங்கியிருக்கும், கைலோமைக்ரான் (உணவுக் கொழுப்பைச் சுமக்கும் துகள்) இருந்தால் மேலே வெண்ணெய்ப் படலம் ஒதுங்கி நிற்கும். அவரைப் போய் எல்டிஎல் 82, நல்ல நிலை என்று அட்டவணை சொல்கிறது. அதே ஆளின் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் 172.

செய்ய வேண்டியது: மூலத் தரவை எடுத்து மூன்று முறை ஓட்டுங்கள். 11 பேரை நீக்கி ஒரு முறை. எல்லோரையும் வைத்து, 2020-ல் வந்த சாம்ப்சன் சூத்திரத்தில் ஒரு முறை (அது 800 வரை தாங்கும்). எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ராலை வைத்து ஒரு முறை, அதற்கு உண்ணாநிலையும் வேண்டாம், ட்ரைகிளிசரைடும் வேண்டாம். மூன்றிலும் முடிவு அதே பக்கம் நின்றால் திருத்தக் குறிப்பு போதும். முடிவே புரண்டால் நீங்களே திரும்பப் பெறுவதுதான் வழி.

178 ± 132: நியம விலகல் சராசரியில் முக்கால் பங்கு. இதை இயல்பான பரவலாக எடுத்துக்கொண்டால் இரண்டு விலகல் கீழே போனால் −86 வருகிறது, எதிர்மறை ட்ரைகிளிசரைடு எந்த உடம்பிலும் இல்லை. நடு எண்ணும் கால்மான வீச்சும் போட்டு, சோதனையை லாக் எடுத்த எண்ணில் செய்யுங்கள். இன்சுலினுக்கும் இதே மாற்றம்.

இதழுக்கு எழுதும் கடிதம் நீளமாக வேண்டாம். கட்டுரையின் டிஓஐ, அட்டவணை எண், வரிசை எண், அச்சான எண், சரியான எண், பிழைக்குக் காரணம் ஒரே வாக்கியத்தில், முடிவு மாறுகிறதா இல்லையா. அனுப்பும் முன் எல்லா இணை ஆசிரியர்களின் சம்மதமும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ஒருவர் பதில் தரவில்லை என்றால் அதையும் இதழாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பிழை என்றால் பெரும்பாலும் கோரிஜெண்டம் என்றும், அச்சகப் பிழை என்றால் எர்ராட்டம் என்றும் போடுவார்கள். அதற்குத் தனி டிஓஐ வரும். பட்டியலில் மூலக் கட்டுரைக்கு அடியிலேயே, உள்தள்ளி, அதே எண்ணின் கீழ் எழுதுங்கள். புதிய வெளியீடாக 15 என்று எண் கொடுக்கக் கூடாது.

அட்டப்பாடிக் கட்டுரைக்கு எண்ணைத் திருத்த வழியில்லை, போன சர்க்கரை போனதுதான். பயணத்துக்காக 8 சதவீதம் கூட்டிக் காட்டலாமா என்று தோன்றும், செய்யாதீர்கள். ஒவ்வொரு குழாயும் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று தெரியாமல் கூட்டும் எண் கற்பனை. மாதிரி எடுத்த நேரமும் சுழற்றிய நேரமும் பதிவேட்டில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவை, அதற்கு மேல் ஆனவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு கூட்டத்திலும் சர்க்கரைக்கும் எச்பிஏ1சி-க்கும் உள்ள இடைவெளி மாறினால், அதையும் வரைபடத் தாளில் எண்ணிய எஸ் உச்சங்களையும் சேர்த்து அதே இதழுக்குக் கடிதமாக எழுதுங்கள். அடுத்து அங்கே மாதிரி எடுக்கப் போகும் எவருக்கும் அது மூலக் கட்டுரையைவிட உதவும்.

கீட்டோ அமிலத்தேக்க அறிக்கை: கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) ஜாஃபே முறையா, நொதி முறையா? ஜாஃபே என்றால் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனும் பிக்ரேட்டோடு வினைபுரிந்து ஆரஞ்சு நிறத்தைக் கூட்டும். கிரியாட்டினின் பொய்யாக உயரும், கீட்டோன் இறங்கியதும் அதுவும் இறங்கிவிடும். அறிக்கையில் ‘தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு’ என்று எழுதியிருந்தால் முதல் கேள்வி இதுதான். அன்றைய யூரியா என்ன என்று எடுத்து வையுங்கள். நீரிழப்பால் யூரியாவும் ஏறியிருக்கலாம், அப்படியானால் இரண்டும் கலந்தது என்று சொல்லுங்கள்.

கணையக்கல் அறிக்கை கேரளத்தில் நடக்கும் நேர்காணலில் நிச்சயம் பேச்சுக்கு வரும். சூய்டெமா 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து எழுதியது, அதற்குப் பின் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் சேர்த்த பெருந்தொகை நோயாளிகள், மரவள்ளி பற்றிய பழைய ஊகம், ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் என்று ஒரு வரலாறு இருக்கிறது. பெயர் வகையில் கவனம்: சத்துக்குறைவு சார்ந்த நீரிழிவு என்ற பிரிவை உலக சுகாதார நிறுவனம் 1985-ல் வைத்தது, 1999-ல் எடுத்துவிட்டது, கணையக்கல் வகை கணைய நோய் சார்ந்த நீரிழிவுக்குள் போனது. 2025-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 5-ஆம் வகை என்று ஏற்றது சத்துக்குறைவு சார்ந்ததை. உங்கள் நோயாளியை அந்த 5-ஆம் வகைக்குள் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். சி-பெப்டைடு (உடல் சுரக்கும் இன்சுலினைக் காட்டும் அளவு) எடுத்தபோது அதே குழாய் நேரத்தில் சர்க்கரை எவ்வளவு, மல எலாஸ்டேஸ் (கணையத்தின் செரிமான நொதி) 200-க்குக் கீழா என்ற இரண்டு எண்ணும் கையில் இருக்கட்டும்.

வேலந்தாவளம்

ஒரே 240 பேரில் மூன்று கட்டுரை பற்றி யாரும் சொல்லவில்லை.

மூன்று தனிக் கேள்விகள் என்றால் மூன்று கட்டுரை எழுதலாம், தவறில்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ‘இதே கூட்டத்தின் வேறு அளவீடுகள் முன்பு வெளியாகியுள்ளன’ என்று சொல்லி முதல் கட்டுரையைச் சுட்டியிருக்க வேண்டும். சுட்டாமல் விட்டால் பின்னாளில் மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) செய்பவர் 240 பேரை 720 பேராக எண்ணிவிடுவார். பட்டியலில் மூன்றின் எதிரேயும் ‘கூட்டம் அ’ என்று ஒரே குறி போடுங்கள். அட்டவணை 1 மூன்று கட்டுரையிலும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயது சராசரி ஒன்றில் 46.2, இன்னொன்றில் 47.1 என்று இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். சிலர் விடுபட்டதால் என்றால் ஓட்டப்படத்தில் (ஆட்கள் சேர்ந்ததையும் விடுபட்டதையும் காட்டும் படம்) எண்ணிக்கை இருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி எண்ணும் தேதியும் மூன்றிலும் ஒன்றா? அனுமதித் தேதி முதல் மாதிரி எடுத்த தேதிக்கு முந்தியதா? ஒப்புதல் படிவத்தைக் குறிப்பாகப் பாருங்கள். சித்தூர் தாலுகாவில் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும், மலையாளப் படிவம் மட்டும் கொடுத்திருந்தால் அது ஒப்புதலா என்ற கேள்வி வரும். தமிழ் வடிவமும் குழுவின் முத்திரையோடு இருக்க வேண்டும், களத்தில் யாரோ வாயால் மொழிபெயர்த்தது ஆகாது. அட்டப்பாடியில் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கியிருந்தால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சியின் கையொப்பம் பக்கத்தில் வேண்டும்.

பொன்னை ஆறு

ஒரு சின்னச் சேர்க்கை. உங்கள் அளவீடுகள் நடந்த வருடங்களுக்கு அந்த ஆய்வகம் வெளித்தர மதிப்பீட்டில் (வெளி அமைப்பு மாதிரி அனுப்பி ஆய்வகத்தின் எண்ணைச் சோதிப்பது) இருந்ததா என்று கேட்டு, அந்தந்த மாத அறிக்கை நகலை வாங்கி வையுங்கள். நம் பக்கத்து ஆய்வகங்கள் பல வேலூர் சிஎம்சி மருத்துவமனை வழியாக நடக்கும் ஏசிபிஐ (மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கம்) திட்டத்தில் இருக்கின்றன. இப்போதைய சான்றிதழ் பயன்படாது, மாதிரி ஓடிய மாதத்து அறிக்கைதான் வேண்டும். ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் வரிசையை அடிக்கோடிட்டு வையுங்கள். எச்டிஎல் அந்த மாதம் ஒரு பக்கமாக விலகியிருந்தால் கணக்கிட்ட எல்டிஎல் எதிர்ப்பக்கம் அதே அளவு விலகியிருக்கும், திருத்தக் கடிதத்தில் அந்த வரியையும் சேர்த்துவிடலாம்.

கொழிஞ்சாம்பாறை

பதிவேட்டில் எடுத்த நேரம் இருக்கிறது, சுழற்றிய நேரம் இல்லை. ஆனால் கோவை ஆய்வகத்தில் மாதிரி பெற்ற நேரம் அவர்கள் கணினியில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குகிறேன். சாம்ப்சன் கணக்கை இன்று இரவு ஓட்டுகிறேன், இணை ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் நாளை காலை.

சாம்பல்மூடி

பெற்ற நேரம் போதும். கட்டுரையில் ‘சுழற்றிய நேரம்’ என்று எழுதாமல் ‘ஆய்வகம் பெற்ற நேரம்’ என்றே எழுதுங்கள். பெற்றதற்கும் சுழற்றியதற்கும் இடையில் குழாய் தாங்கியில் நின்ற நேரம் அதில் இல்லை, அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.